மொட்டை டயரும் தாய்மாமன் மடியும்

காளவாசல் டாக்சி ஸ்டாண்டில் நல்லகாமனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "நல்ல மனுசன்தான், ஆனா வீம்பு" என்பார்கள். வீம்பு என்றால் கொஞ்சநஞ்ச வீம்பு இல்லை. எதிரே வருகிற லாரிக்காரன் விளக்கைத் தணிக்கவில்லை என்றால் இவனும் தணிக்க மாட்டான். சவாரி ஏறியவர் "கொஞ்சம் விரசாப் போப்பா" என்று சொல்லிவிட்டால் போச்சு, கட்டை வண்டி மாதிரி உருட்டுவான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் வண்டி பறக்கும்.

செக்கானூரணிக்கு மேற்கே பொறந்து வளர்ந்தவன். கிணற்றை நம்பினால் கஞ்சிக்கும் வழியில்லை என்று பஞ்சு லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் ஒரு பழைய பியட் காரைத் தட்டுத்தடுமாறி வாங்கி, மேலே மஞ்சளும் கீழே கறுப்புமாகப் பெயின்ட் அடித்து டாக்சியாக்கினான். பொண்டாட்டி அன்னக்கொடி. பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு "வண்டி இருக்கே" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டான். ஆனால் தங்கச்சி ஒச்சாயிக்கு மகன் பிறந்தது என்று தகவல் வந்த அன்று, ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதவன் இவன்தான்.

ஒச்சாயியின் புருஷன் முத்திருளனும் டாக்சிக்காரன். திருநகர் ஸ்டாண்டு. அவனுடையது அம்பாசடர். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தொழில் பார்த்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஆரம்பத்தில் கேலியாகத்தான் இருந்தது. உன் வண்டி தகர டப்பா என்பான் ஒருவன், உன்னது எருமை மாடு என்பான் மற்றவன். ஒச்சாயி இரண்டு பேருக்கும் ஒரே சட்டியில் கறிக்குழம்பு ஊற்றுவாள். சண்டை அத்தோடு தீர்ந்துவிடும்.

தீராமல் போனது ஓர் ஆவணி முகூர்த்தத்தில். முத்திருளன் அம்பாசடருக்குப் பூ ஜோடித்து, கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போகிறான். பின்னாலேயே காலி வண்டியோடு வந்த நல்லகாமன், ஹாரன் அடித்தும் வழி விடவில்லை என்று இடது பக்கம் மண்ணில் இறங்கித் தாண்டினான். புது மாப்பிள்ளை முகமெல்லாம் செம்மண். பட்டு வேட்டி காவி வேட்டி ஆகிவிட்டது. பொண்ணு வீட்டார் முத்திருளனைப் பிடித்துப் பேசின பேச்சு நாய் கேட்காது.

அன்று சாயங்காலம் முத்திருளன் காளவாசலுக்கே வந்து, மச்சான் என்றும் பாராமல் ஸ்டாண்டு நடுவில் வைத்துக் கத்தினான். நல்லகாமன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்வானா? ஓட்டத் தெரிந்தவன் வண்டிக்கு முன்னால் எவனும் போக முடியாது, ஓட்டத் தெரியாதவன் ஓரமாகப் போகணும் என்றான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினை. அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை. தீபாவளிக்குச் சீர் கொண்டு போன அன்னக்கொடியை வாசலோடு திருப்பி அனுப்பினான் முத்திருளன். ஒச்சாயி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள் என்று அன்னக்கொடி வந்து சொன்னாள்.

இந்த லட்சணத்தில் ஒரு வருஷம் ஓடி, பிள்ளைக்குக் காது குத்த நாள் வந்தது. தை மாதத்துக்குள் குத்தியாக வேண்டும். காது குத்து என்றால் தாய்மாமன் மடி. அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் தாய்மாமன் தானாகப் போய் உட்கார முடியாது. பிள்ளையின் தகப்பன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வாசலேறி வந்து அழைக்க வேண்டும். அழைக்காமல் விட்டுவிட்டுத் தாய் வீட்டுப் பங்காளி வகையில் யாராவது ஒரு மாமன் மடியில் வைத்துக் குத்திவிட்டால், உயிரோடு இருக்கிற தாய்மாமனைச் செத்தவனாக்கினது மாதிரி. ஒச்சாயிக்குச் சித்தப்பா மகன் சின்னச்சாமி ஒருத்தன் இருந்தான். அவனுக்குப் புது வேட்டி எடுத்தாகிவிட்டது என்று பேச்சு அடிபட்டது.

நல்லகாமனுக்குச் சோறு இறங்கவில்லை. பெத்த பிள்ளை இல்லாதவனுக்கு இந்த ஒரு மடிதான் பாக்கி. அதையும் எவனோ பிடுங்கிக்கொண்டு போகிறான் என்றால் எப்படி இருக்கும்? இருந்தும் போய்ச் சமாதானம் பேச மாட்டான். கேட்டால், "நான் ஏன் போகணும்?" என்பான். எரிந்துகொண்டிருக்கிற வீட்டிலும் யார் முதலில் படியிறங்குவது என்று முறை பேசுகிற ஜாதி.

ஸ்டாண்டுத் தலைவர் காளை இரண்டு பேருக்கும் பொதுவான மனுசர். அவர்தான் டீக்கடையில் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அரை மணி நேரம் பேசினார். யார் பக்கம் தப்பு என்பதில் ஆரம்பித்த பேச்சு, எந்த வண்டி வேகம் என்பதில் போய் நின்றது. அந்தச் சமயம் கப்பலூரில் தொழிற்பேட்டைக்குள் அகலமாகத் தார் ரோடு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க இன்னும் கம்பெனி வரவில்லை. ரோடு மட்டும் அம்பு மாதிரி நேராகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே கார் பந்தயம் விடுவார்கள். வளைவு நெளிவு கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் தூரத்துக்குள் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் ஜெயம்.

முத்திருளன் டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்.

"கப்பலூர் ரோட்டுக்கு வா. என்னைய முந்திக் காட்டு. தாம்பாளத்தோட உன் வாசலுக்கு வந்து, மச்சான் வந்து மடியில வச்சுக்கன்னு கூப்பிடுறேன். முந்தலையா, சின்னச்சாமி மடிதான். அதுக்கு மேல நீயும் பேசப்படாது, நானும் பேச மாட்டேன்."

காளை தலையில் அடித்துக்கொண்டார். நல்லகாமன் யோசிக்கவே இல்லை. "சரி" என்றான். மார்கழி மூன்றாவது ஞாயிறு என்று முடிவாயிற்று.

வீட்டில் அன்னக்கொடி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். "பந்தயத்துக்கு வைக்க உங்களுக்கு வேற எதுவுமே கெடைக்கலையா? பச்சப்புள்ள காதையா கொண்டு போயி ரோட்டுல வைப்பீக?" அவள் கேட்டது நியாயம் என்று நல்லகாமனுக்கே தெரியும். நியாயம் தெரிந்த பிறகுதான் அவனுக்கு வீம்பு கூடும்.

பியட், அம்பாசடரைவிட எடை குறைச்சல். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் கிளம்புகிற இடத்தில்தான். நின்ற இடத்திலிருந்து முழு வேகமாக எடுத்தால் பின்சக்கரம் கீச்சென்று கத்திக்கொண்டு அங்கேயே சுற்றும். சக்கரம் சுற்றுகிற நேரம் வண்டி நகராது. அந்த நேரத்துக்குள் முத்திருளனின் எருமை மாடு அது பாட்டுக்கு நடந்து போய்விடும். ஆக, இஞ்சினை நோண்டிப் புண்ணியமில்லை, டயரில்தான் விஷயம் என்று நல்லகாமனுக்குப் பட்டது.

காளவாசலில் டயர் கடை வைத்திருந்த சேக் மைதீன் அவனுக்குக் கூட்டாளி. பஞ்சர், காற்று, பழைய டயர் வியாபாரம். வாய் ஓயாத ஆள். விஷயத்தைக் கேட்டதும், "இதென்னடா மாப்ள பெரிய கம்பசூத்திரம்" என்று சொல்லி, புத்தம் புது நைலான் டயர் ஒரு ஜோடியை இறக்கி வைத்தார். ரோட்டைக் கவ்வுகிற பட்டன் வரிகள் விரல் நுழைகிற ஆழத்துக்கு இருந்தன. பட்டன் ஆழமாக இருந்தால் பிடிப்பு ஜாஸ்தி, இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தா, கூட்டாளிக்காகத் தருகிறேன் என்றார்.

மறுநாள் கப்பலூருக்குப் போய் மாட்டிப் பார்த்தார்கள். தோது படவில்லை. கிளட்சை விட்டதும் வண்டி பின்னால் ஒரு தரம் குழைந்து, அப்புறம்தான் முன்னால் போயிற்று. புதுச் செருப்புப் போட்டவன் நடை மாதிரி இருந்தது. உயரமான பட்டன் எல்லாம் மடங்கி மடங்கி நிமிர்கிறது என்று நல்லகாமன் குனிந்து பார்த்துச் சொன்னான். சேக் மைதீன் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்குக் கிளட்ச் விடத் தெரியவில்லை என்றார். அவரையே ஏற்றி ஓட்டச் சொன்னதும் வண்டி இரண்டு தரம் குதித்து நின்றுவிட்டது. "டயர்தான் சரியில்ல" என்று இறங்கினார்.

அடுத்து ரீட்ரெட் டயர். டாக்சிக்காரர்கள் எல்லாம் போடுவது அதுதான். சீக்கிரம் தேயக் கூடாது என்று பழைய டயர் மேல் கெட்டி ரப்பர் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கெட்டித்தனமே கெடுத்தது. கல்லு மாதிரி இருந்த ரப்பர் தாரைத் தொடாமலே சுற்றியது. ஊரைக் கூட்டுகிற சத்தம் வந்ததே தவிர வண்டி வரவில்லை. கப்பலூர் வாட்ச்மேன் ஓடி வந்து யாருக்கு அடிபட்டது என்று கேட்டார்.

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. சவாரி இல்லாத நேரமெல்லாம் ஜாக்கியும் ஸ்பேனருமாகத்தான் கிடந்தான். நைலானில் காற்றைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிப் பின்னால் எடை கொடுத்துப் பார்த்தான். பிடிப்பு வந்தது, வேகம் போயிற்று. அன்னக்கொடி அவன் உள்ளங்கைக் கறுப்பைப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடுதான் பிள்ளையை வாங்குவீகளா என்று கேட்டாள். அதற்கப்புறம் தினம் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினான்.

தீர்வு தற்செயலாகத்தான் வந்தது. ஒரு நாள் நைலானைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கு வேறு டயர் கைவசம் இல்லை. கடையோரம் தூக்கிப்போட்டிருந்த பழைய டயர் இரண்டை, வீடு வரைக்கும் போனால் போதும் என்று மாட்டினான். பட்டன் சுத்தமாகத் தேய்ந்து மழமழவென்று போன மொட்டை டயர். காளவாசல் சிக்னல் தாண்டி ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நுழைய அவசரமாக மிதித்தான். வண்டி கத்தவில்லை, குழையவில்லை. முதுகைப் பிடித்துத் தள்ளின மாதிரி பாய்ந்தது. நல்லகாமன் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி நேரே கப்பலூர் போய், வெளிச்சம் மங்குகிற வரைக்கும் அந்த ஒரே இடத்திலிருந்து கிளம்பிக் கிளம்பிப் பார்த்தான்.

பட்டனும் பள்ளமும் இருந்தால் ரப்பரில் பாதிதான் ரோட்டைத் தொடுகிறது. மொட்டை டயர் முழுசும் தொடுகிறது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் படிந்து உட்காருகிறது. தேய்ந்த டயர் உயரமும் குறைவு என்பதால் இழுவையும் கூடுகிறது. எல்லாம் சரியாகப் பொருந்தி வந்தது. சேக் மைதீனிடம் போய்ச் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். மொட்டை டயர் மாட்டி வண்டி அனுப்பினேன் என்று ஊரில் பேர் வாங்கினால் என் கடைக்கு எவன் வருவான் என்றார். வெடித்தால் என்ன செய்வாய், உன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்வது என்றார். திட்டிக்கொண்டேதான் குவியலில் தேடி, நூல் வெளியே தெரியாத, பக்கவாட்டில் வெடிப்பில்லாத ஜோடி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். உள்ளே ட்யூபும் புதுசு போட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்க மாப்ள. இதுல ஈரம் பட்டுச்சுன்னா உன்னையக் காப்பாத்த யாராலயும் முடியாது. அப்புறம் உன் நசீபு."

நல்லகாமன் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழிப் பனியில் காலையில் தார் ரோடு நனைந்து கிடக்கும். ஆகவே காளையிடம் சொல்லிப் பந்தயத்தை வெயில் ஏறின பிறகு வைக்கச் சொன்னான். அன்றைக்கு விடியற்காலையிலேயே போய், கிளம்புகிற இடத்தில் விளக்குமாறு போட்டு மண்ணும் சல்லியும் இல்லாமல் கூட்டினான். டயரை உலர்ந்த துணியால் நாலு தரம் துடைத்தான். யாரோ ஒருவர் வெற்றிலை எச்சில் துப்பப் போனதற்கு அடிக்கப் போய்விட்டான். ஆயிரம் கண் வைத்துப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு ஸ்டாண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். ரேக்ளா பார்த்துப் பழகின ஊர், கார் பந்தயம் என்றால் விடுவார்களா? முத்திருளன் அம்பாசடரைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்து நிறுத்தினான். நாலும் புது டயர், ஆழமான பட்டன். பியட்டின் மொட்டை டயரைப் பார்த்து அவன் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பியட்டுக்கு மொட்டை போட்டு முடியிறக்கியாச்சு, காதுகுத்துதான் பாக்கி என்றான் ஒருவன். நல்லகாமனுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரியத்தானே போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் ஒச்சாயி வந்தாள். பிள்ளை இடுப்பில், மஞ்சப்பை கையில். பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது அண்ணன் முகத்தைப் பார்த்து. அழுகையை முழுங்கிக்கொண்டு, பேச்சியம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்ட எலுமிச்சம்பழங்களைப் பையிலிருந்து எடுத்தாள். முதலில் புருஷன் வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் நாலு பழம். அப்புறம் அண்ணன் வண்டிக்கு. பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து வைக்கும்போது அவள் வாய் முணுமுணுத்தது. ஆத்தா, எங்கண்ணனை ஜெயிக்க வையி என்று அவள் வேண்டினது பக்கத்தில் நின்ற அன்னக்கொடிக்கு மட்டும் கேட்டது.

இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? புது வண்டி எடுத்தாலும் பழம், தூரப் பயணம் கிளம்பினாலும் பழம். பழத்தை நசுக்காமல் எந்த டிரைவரும் நல்ல காரியத்துக்கு வண்டி எடுத்தது கிடையாது. வெற்றிலை எச்சிலுக்கு அடிக்கப் போனவன், எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தானே சரி பண்ணி வைத்தான். சக்கரத்துக்கு நட்ட நடுவில் படுகிற மாதிரி. சேக் மைதீனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்கும் உறைக்கவில்லை.

காளை சிவப்புத் துண்டைத் தூக்கி இறக்கினார்.

அம்பாசடர் பழத்தை நசுக்கிவிட்டு உறுமிக்கொண்டு கிளம்பியது. பட்டன் பள்ளத்துக்குள் சாறும் சக்கையும் போய் ஒளிந்துகொண்டன. பியட்டுக்கு ஒளிய இடமில்லை. நசுங்கின பழத்தின் மேல் மொட்டைச் சக்கரம் சர்ரென்று சுற்றியது. நல்லகாமன் பதறி மிதியைத் தளர்த்தி மறுபடி மிதித்தான். வண்டி நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில், முன்சக்கரம் நசுக்கிப் போட்டிருந்த பழத்தின் மேல் பின்சக்கரம் ஏறி இன்னொரு தரம் வழுக்கியது. அதற்கப்புறம் பிடித்தது பாருங்கள் பிடி! அந்த மாதிரி ஓட்டத்தைக் கப்பலூர் பார்த்திருக்காது. விட்ட தூரத்தையெல்லாம் தின்றுகொண்டே போனான். முடிகிற இடத்தில் அம்பாசடரின் முன்சக்கரத்துக்கு நேராகப் பியட்டின் மூக்கு இருந்தது. இன்னும் பத்துத் தப்படி ரோடு இருந்தால் முந்தியிருப்பான். ரோடு இருந்தது, பந்தயம் முடிந்துவிட்டது.

திருநகர்க்காரர்கள் முத்திருளனைத் தூக்கி ஆட்டினார்கள். நல்லகாமன் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வந்து நிறுத்தினான். சேக் மைதீன் தரையைப் பார்த்தபடி நின்றார். நசுங்கின தோலும் சாறும் அங்கே பளபளவென்று கிடந்தன. அந்த ஈரம் முடிந்த இடத்திலிருந்துதான் டயரின் கறுப்புக் கோடு ஆரம்பித்தது. நல்லகாமனும் பார்த்தான். ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது.

சேக் மைதீன் வாயைத் திறந்தார். "இந்தப் பழம்..." என்று ஆரம்பிப்பதற்குள் நல்லகாமன் அவர் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தான். பத்தடி தள்ளி ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் தோற்றதுக்கு இந்த அழுகை அழுகிறவள், தான் வைத்த பழத்தால் தோற்றான் என்று தெரிந்தால் என்ன ஆவாள்? ஊர் சும்மா விடுமா? தங்கச்சியே அண்ணன் மடியைப் பறித்தாள் என்று பிள்ளை வளர்ந்து பேரன் எடுக்கிற வரைக்கும் சொல்லிக் காட்டும்.

"கிளட்ச அவசரப்பட்டு விட்டுட்டேன்" என்றான் நல்லகாமன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எம் மேலதான் தப்பு."

தப்பு என் மேல் என்று நல்லகாமன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. கேட்டவர்கள் சிரிக்கக்கூட மறந்துவிட்டார்கள். பிறகு சேர்த்து வைத்துச் சிரித்தார்கள். ஸ்டாண்டில் அவனுக்கு மொட்டை டயர் என்று பேரே வைத்தாயிற்று. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், ஓட்டத் தெரியாதவனுக்கு டயர் மொட்டையாம் என்று பாட்டுக் கட்டாத குறை. வேறு நாளாக இருந்தால் மண்டை உடைந்திருக்கும். நல்லகாமன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான். சேக் மைதீனுக்குத்தான் பொறுக்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினார். நல்லகாமன் வீட்டில் அன்னக்கொடியிடம் மட்டும் சொன்னான். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒச்சாயி உங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டு வச்சா என்றாள்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலில் அம்பாசடர் நிற்பதைக் கண்டான். முத்திருளன் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை. கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் காய்ந்த எலுமிச்சை விதையும் தோல் துணுக்கும்.

"வண்டி கழுவுறப்ப டயர்ல இருந்து நோண்டி எடுத்தேன் மச்சான். பட்டன் பூராம் இதுதான். உன் டயர்ல நோண்ட எடமே இல்லையேன்னு அப்பத்தான் யோசன வந்துச்சு."

நல்லகாமன் குனிந்து அந்த விதைகளைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஊரே காறித் துப்புது. மறுபந்தயம் கேட்டிருக்கலாம்ல? நீயாவது, சும்மா விடுறதாவது?"

"வச்சது யாரு?" என்றான் நல்லகாமன். "மடி போனா போகட்டும் மாப்ள. அவ காலத்துக்கும் அழுகப்படாது."

நீ இதை ஸ்டாண்டில் சொல்லி அவள் பேரை இழுப்பாய், வந்து உன்னை வெட்டிப்போடலாம் என்று தினமும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று முத்திருளன் ஒளிக்காமல் சொன்னான். பிறகு விதைகளைத் தெருவில் வீசிவிட்டு, வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து, துணி போட்டு மூடியிருந்த தாம்பாளத்தை எடுத்து வந்தான். வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி துண்டு. அன்னக்கொடி ஓடிவந்து வாங்கப் போனாள். அவன் கொடுக்கவில்லை. முறையாக மச்சான் கையில்தான் கொடுத்தான்.

"அக்கா, ஒச்சாயிகிட்ட மட்டும் இத யாரும் சொல்லிறாதீக" என்று அன்னக்கொடியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான்.

சின்னச்சாமிக்குப் புது வேட்டி மிச்சம். பந்தயத்தில் தோற்றவனுக்கு எப்படி மடி வந்தது என்று திருநகர் ஸ்டாண்டு மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. காளை, பெரிய மனுசத்தனமாகத் தான் பேசி முடித்து வைத்ததாகச் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தை மாதம் கோயிலில் காது குத்து. நல்லகாமன் மண்ணெண்ணெய் வாசம் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்த கையால் பிள்ளையை மடியில் வாங்கி, தலையை மார்போடு சேர்த்துப் பிடித்தான். ஆசாரி ஊசியைப் போட்டதும் பிள்ளை வீறிட்டு உதைத்தது. அந்த உதை வாங்கிக்கொண்டு நல்லகாமன் அழுதான். ஒளித்து அழவில்லை, துண்டு போட்டு மூடவும் இல்லை. ஒச்சாயி பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பந்தயத்துல தோத்தா என்னண்ணே" என்றாள். "நான் வச்ச பழம் வீண் போகல பாத்தியா? அதுதான் உன்னைய இங்க கொண்டாந்து உக்கார வச்சுச்சு."

முத்திருளன் அவசரமாகக் கோபுரத்தைப் பார்த்தான். நல்லகாமன் பிள்ளையைத் தட்டிக்கொண்டே தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா தாயி" என்றான். "அந்தப் பழம்தான்."